வெறுப்புக்குப் பேனா பிடிக்கத் தெரியும்

நடுவர் ஐயாவுக்கும் அவையில் இருக்கிற எல்லோருக்கும் வணக்கம். நேரம் குறைவு, நேரே விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

தலைப்பு தெரியும். ஆல்ஃபிரட் டிரைஃபஸ், பிரெஞ்சு ராணுவத்தில் பீரங்கிப் படை கேப்டன், யூதர். 1894 டிசம்பரில், ஜெர்மனிக்கு ரகசியம் விற்றார் என்று, செய்யாத தேசத்துரோகத்துக்காக ஆயுள் முழுக்கத் தீவுச் சிறை என்று தண்டிக்கப்பட்டார். அவரைத் தண்டித்தது பெரிதும் பொய்ச் சான்றா, யூத வெறுப்பா? வெறுப்புதான் என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் ஒரு கேள்வி கேட்டார், அரங்கமே கைதட்டியது. "வெறுப்பு வெறுப்பு என்கிறார்களே, வெறுப்புக்குப் பேனா பிடிக்கத் தெரியுமா? வெறுப்பு சாட்சிக் கூண்டில் ஏறுமா? கோர்ட்டில் பேசுவது காகிதம்! தங்கச்சி கண்ணீரை வைத்துக் கேஸ் நடத்த வந்திருக்கிறது" என்றார். அண்ணா, நான் வேறு நாலைந்து பாயிண்ட் எழுதிக்கொண்டு வந்தேன். அதையெல்லாம் மடித்து வைத்துவிட்டேன். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் மேடையை விட்டு இறங்குவதாக இல்லை.

காகிதம்தானே? காகிதத்திலேயே தொடங்குவோம்.

1894 செப்டம்பர் கடைசி. பாரிஸில் ஜெர்மன் தூதரகம். அங்கே பெருக்கித் துடைக்கிற பாஸ்தியான் என்ற அம்மா, பிரெஞ்சு உளவுத்துறையின் ஆள். குப்பைக் கூடையில் கிடைக்கிற கிழிந்த காகிதங்களை மூட்டை கட்டி உளவுத்துறைக்குக் கொடுத்துவிடுவார். அந்த வழியாக வந்தது என்று உளவுத்துறை சொன்ன ஒரு காகிதம்தான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். ஒட்டிப் பார்த்தால் ஒரு பட்டியல். 120 மில்லிமீட்டர் பீரங்கியின் ஹைட்ராலிக் பிரேக் பற்றிய குறிப்பு, இன்னும் சில ராணுவ விவரங்கள், இவற்றையெல்லாம் அனுப்புகிறேன் என்று ஒருவன் ஜெர்மன் ராணுவ அதிகாரி ஷ்வார்ட்ஸ்கோப்பனுக்கு எழுதியிருக்கிறான். பெயர் இல்லை, தேதி இல்லை. கடைசி வரியில், ராணுவ ஒத்திகைக்குக் கிளம்புகிறேன் என்று இருக்கிறது.

இதைக் கவனியுங்கள் ஐயா. இந்தக் காகிதம் பொய் இல்லை. யாரும் ஜோடித்தது இல்லை. எஸ்தர்ஹாசி என்ற கடன்கார பிரெஞ்சு மேஜர், பணத்துக்காகத் தன் கையால் எழுதிய உண்மையான துரோகக் காகிதம். உண்மையான காகிதம் கையில் இருக்கிறது, உண்மையான துரோகி வெளியே நடமாடுகிறான், அப்படியிருந்தும் வேறொருவர் தலையில் போய் அது எப்படி விழுந்தது? அண்ணன் பொய்ச் சான்று என்கிறாரே, இந்த இடத்தில் எங்கே இருக்கிறது பொய்ச் சான்று? இங்கே ஒரு விரல்தான் நீண்டது. அந்த விரலைத் திருப்பியது யார் என்பதுதான் இன்றைக்குப் பட்டிமன்றமே.

ராணுவத் தலைமையகத்தில் உட்கார்ந்து யோசிக்கிறார்கள். பீரங்கி விவரம் இருக்கிறது, ஆகவே பீரங்கிப் படைக்காரன். பல பிரிவுகளின் சங்கதி இருக்கிறது, ஆகவே பல பிரிவுகளிலும் பயிற்சிக்குப் போய் வந்த அதிகாரி. பெயர்ப் பட்டியலை எடுத்து ஒவ்வொரு பெயராகப் பார்த்துக்கொண்டே வந்தவர்கள் ஒரு பெயரில் நின்றார்கள். டிரைஃபஸ். உளவுத்துறைத் தலைவரிடம் போய்ச் சொன்னார்கள். அந்த மனிதர் நெற்றியில் அடித்துக்கொண்டு, எனக்கு முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும் என்றாராம். ஏன் தோன்றியிருக்க வேண்டும்? டிரைஃபஸ் ஏற்கெனவே ஏதாவது மாட்டியிருக்கிறாரா? கடன் இருக்கிறதா? ஒன்றும் இல்லை. அல்சாஸின் முல்ஹவுஸ் ஊரில் நெசவாலை வைத்திருந்த வசதியான குடும்பம். 1871ல் ஜெர்மனி அல்சாஸைப் பிடுங்கிக்கொண்டபோது, எங்களுக்குப் பிரான்ஸ்தான் வேண்டும் என்று பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பம். அந்தப் பையன் வளர்ந்து, இழந்த மண்ணை மீட்க வேண்டும் என்று ராணுவத்தில் சேர்ந்தவன். அப்புறம் எதனால் நெற்றியில் அடித்துக்கொண்டார்? தலைமையகத்துப் பயிற்சி அதிகாரிகளில் அவர் யூதர். அதனால்தான்.

அந்தக் கடைசி வரி ஞாபகம் இருக்கிறதா, ஒத்திகைக்குக் கிளம்புகிறேன் என்று? டிரைஃபஸ் அந்த வருஷம் ஒத்திகைக்கே போகவில்லை! காகிதம் பேசும் என்கிறார் அண்ணன். காகிதம் பேசத்தான் செய்தது, இவன் நான் இல்லை என்று கதறியது. கேட்க ஆள் இல்லை.

சரி, இப்போது ஒரு காட்சி சொல்கிறேன். எனக்கு இந்த வழக்கு முழுவதும் இந்த ஓர் அறைக்குள் இருப்பதாகத்தான் தோன்றும்.

1894 அக்டோபர் 15, திங்கட்கிழமை. டிரைஃபஸுக்கு முன்பே ஓர் உத்தரவு வந்திருந்தது. காலை ஒன்பது மணிக்குத் தலைமையகம் வர வேண்டும், சீருடையில் வேண்டாம், சாதாரண உடையில். போகிறார். தளபதியைப் பார்க்கப் போகிறோம் என்று நினைத்துப் போனால், அறையில் தளபதி இல்லை. மேஜர் து பாத்தி த கிளாம் இருக்கிறார். விரலில் கட்டு. மூலையில் டிரைஃபஸுக்குத் தெரியாத மூன்று பேர், ராணுவ உடை இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். மேஜர் சொல்கிறார், தளபதி இதோ வந்துவிடுவார், அதற்குள் ஒரு கடிதம் எழுத வேண்டும், எனக்கு விரலில் அடி, நீங்கள் எழுதிக் கொடுங்கள் என்று. மேலதிகாரி கேட்கிறார், கேப்டன் உட்கார்ந்து பேனாவை எடுக்கிறார். மேஜர் பக்கத்திலேயே உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதுகிறார். முதல் இரண்டு வரி சாதாரணம். அப்புறம் மெல்ல, அந்தத் துரோகக் காகிதத்தில் இருந்த விவரங்கள் வருகின்றன. 120 மில்லிமீட்டர் பீரங்கி, ஹைட்ராலிக் பிரேக்… திடீரென்று மேஜர் கேட்கிறார்: "என்ன கேப்டன், உங்கள் கை நடுங்குகிறதே!" டிரைஃபஸ் சொல்கிறார்: "விரல் குளிர்ந்திருக்கிறது." தொடர்ந்து எழுதுகிறார். "கவனம், இது முக்கியமான விஷயம்!" என்று ஓர் அதட்டல். அப்புறம் தோளில் கை விழுகிறது. "சட்டத்தின் பெயரால் உங்களைக் கைது செய்கிறேன். தேசத்துரோகக் குற்றம்."

மேஜர் பக்கத்திலிருந்து பார்த்தீர்கள். இப்போது அதே அறையை கேப்டனின் நாற்காலியிலிருந்து பாருங்கள். முப்பத்தைந்து வயது. வீட்டில் மனைவி லூசி, மூன்று வயதுப் பையன் பியர், ஒரு வயதுப் பெண் ழான். காலையில் குழந்தையைக் கொஞ்சிவிட்டுக் கிளம்பி வந்த மனிதன். மேலதிகாரி சொன்னார் என்று எழுதுகிறான். யாரிவர்கள் மூலையில் என்று கேட்கவும் முடியாது. அக்டோபர் மாதத்துப் பாரிஸ், வெளியிலிருந்து நடந்து வந்த கை. எழுதிக்கொண்டிருப்பது தன் தலைக்கான கயிறு என்று அவனுக்கு எப்படித் தெரியும்? நிமிர்ந்து பார்த்தால் எல்லோரும் அவன் விரலையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் எழுதுங்களேன் அப்படி! இந்த அரங்கத்தில் யாராவது ஒருவர், சுற்றி நாலு பேர் விரலையே முறைத்துப் பார்க்கும்போது, கை நடுங்காமல் எழுதிக் காட்டுங்கள், நான் இங்கேயே தோல்வியை ஒப்புக்கொள்கிறேன்.

இன்னும் முடியவில்லை. அந்த மேசையில் ஒரு கைத்துப்பாக்கி வைத்திருந்தார்கள். எதற்கு? மானஸ்தன் என்றால் நீயே சுட்டுக்கொள், எங்களுக்கு விசாரணை மிச்சம் என்பதற்கு. அவர் மறுத்தார். நான் நிரபராதி என்று நிரூபிக்க நான் உயிரோடு இருக்க வேண்டும் என்றார்.

அண்ணா, இப்போது நான் உங்களிடம் கேட்கிறேன். அந்த அறையில் எந்தப் பொய்ச் சான்று இருந்தது? அவர் உள்ளே நுழைவதற்கு முன்பே கைது முடிவாகிவிட்டது. துப்பாக்கியையும் யாரோ யோசித்துத்தான் எடுத்து வந்திருக்கிறார்கள். கை நடுங்கினால் குற்றவாளி, நடுங்காவிட்டால் கல்நெஞ்சக்காரன், எப்படியும் அவன்தான் என்று முடிவு செய்துவிட்டுத்தான் பேனாவைக் கையில் கொடுத்தார்கள். இதை நான் கற்பனையாகச் சொல்லவில்லை. மூன்றேகால் வருஷம் கழித்து எழுத்தாளர் எமில் ஜோலா குற்றப்பத்திரிகையைப் பிரித்துப் போட்டு இதைத்தான் எழுதினார். பல மொழி தெரியும், அது குற்றம். வீட்டில் சோதனை போட்டு எதுவும் கிடைக்கவில்லை, அதுவும் குற்றம். கடுமையாக உழைக்கிறான், குற்றம். கலங்கினான், குற்றம். கலங்கவில்லை, குற்றம்.

காகிதம் என்றால் நிபுணர்கள் உண்டே என்பீர்கள். பிரான்ஸ் வங்கியின் கையெழுத்து நிபுணர் கோபேர் பார்த்தார். இது வேறொருவர் எழுத்தாகவும் இருக்கலாம் என்றார். உடனே அவர்மேலேயே சந்தேகம். அடுத்து பெர்த்தியோனைக் கூப்பிட்டார்கள். போலீஸில் குற்றவாளிகளின் உடல் அளவு எடுப்பதில் பேர் பெற்றவர், கையெழுத்து அவர் துறையே இல்லை. அவர் என்ன சொன்னார் தெரியுமா? எழுத்து ஒத்துப்போகிற இடத்தில், பாருங்கள் இது அவன் எழுத்து. ஒத்துப்போகாத இடத்தில், பாருங்கள் எவ்வளவு தந்திரமாகத் தன் எழுத்தைத் தானே மாற்றி எழுதியிருக்கிறான். ஐயா, இப்படிப் பார்த்தால் இந்த அரங்கத்தில் இருக்கிற எல்லோருமே அதை எழுதியவர்கள்தான்!

அந்த நேரம் வெளியே என்ன நடந்தது? த்ருமோன் என்று ஒருவர், யூதர்கள் பிரான்ஸைப் பிடித்துவிட்டார்கள் என்று 1886லேயே பெரிய புத்தகம் போட்டு விற்றவர். 1892ல் லா லிப்ர் பரோல் என்று தினசரி தொடங்கி, ராணுவத்தில் யூத அதிகாரிகள் எதற்கு என்று வரிசையாக எழுதினார். அந்தச் சண்டை வாள்சண்டை வரை போய், அர்மான் மேயர் என்ற யூத கேப்டன் செத்தே போனார். டிரைஃபஸுக்கும் அதே வருஷம் ஓர் அனுபவம். ராணுவ உயர்கல்லூரித் தேர்வில் ஒரு ஜெனரல், தலைமையகத்துக்கு யூதர் வேண்டாம் என்று சொல்லி, தன் கையில் இருந்த மதிப்பெண்ணைக் குறைத்துப் போட்டார். அதையும் தாண்டி ஒன்பதாவதாக வந்தார் நம் ஆள். 1894ல் கைதுச் செய்தி கசிந்து போய் விழுந்ததும் அதே லா லிப்ர் பரோலில்தான். நவம்பர் 1ஆம் தேதி முதல் பக்கத்தில், தேசத்துரோகம், யூத அதிகாரி கைது. இதற்குப் பிறகு போர் அமைச்சர் பின்வாங்கினால், யூதர்கள் விலைக்கு வாங்கிவிட்டார்கள் என்று அவரையும் சேர்த்துக் கிழிப்பார்கள். பின்வாங்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு ராணுவ நீதிமன்றம் நடந்தது. ஏழு நீதிபதிகள். ஏழு பேரும் குற்றவாளி என்றார்கள்.

அந்த நீதிமன்றத்தில்தான் அண்ணனின் இரண்டாவது கேள்விக்குப் பதில் இருக்கிறது. வெறுப்பு சாட்சிக் கூண்டில் ஏறுமா? ஏறியது. உளவுத்துறை மேஜர் ஆன்ரி என்ற பெயரில் ஏறியது. ராணுவ அலுவலகத்தில் துரோகி இருப்பதாக ஒரு கண்ணியமான மனிதர் தன்னிடம் சொன்னார் என்றார், அந்தத் துரோகி இதோ என்று டிரைஃபஸை நோக்கி விரலை நீட்டினார். சொன்னது யார், பெயரைச் சொல்லுங்கள் என்று கேட்டபோது, ஓர் அதிகாரியின் தலைக்குள் இருக்கிற ரகசியம் அவன் தொப்பிக்குக்கூடத் தெரியக்கூடாது என்றார். அந்தப் பதிலை ஏழு பேரும் ஏற்றுக்கொண்டார்கள். அப்புறம் நீதிபதிகள் தனி அறைக்குப் போனபோது, ஒரு ரகசியக் கோப்பு பின்வாசல் வழியாக உள்ளே போனது. டிரைஃபஸுக்கும் தெரியாது, அவர் வக்கீல் தமாஞ்சுக்கும் தெரியாது. காகிதம் அவ்வளவு பலமாக இருந்தால் அதை எதற்கு ஒளித்துக் கொடுக்க வேண்டும்?

பொய்ச் சான்றுக்கு உதாரணமாக அண்ணன் பெரிதாகச் சொன்னது ஆன்ரி செய்த போலிக் கடிதத்தை. ரொம்ப நீளமாகச் சொன்னார், ஆனால் வருஷத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டார். நான் சொல்கிறேன். அந்தக் கடிதம் தயாரானது 1896 அக்டோபர் கடைசியில். டிரைஃபஸுக்குத் தண்டனை கிடைத்தது 1894ல்! ஆள் தீவில் கிடந்து ஒன்றரை வருஷம் ஆன பிறகு எழுதின கடிதம், 1894 தீர்ப்புக்கு எப்படி ஐயா காரணமாகும்?

எதற்காக எழுதினார்கள் என்பதில்தான் இருக்கிறது எங்கள் அணி. 1895லிருந்து உளவுத்துறைக்குப் புதுத் தலைவர், பிக்கார். அவரும் அல்சாஸ்காரர். யூதர்கள்மேல் அவருக்கும் ஒன்றும் பிரியம் கிடையாது. 1896ல் அவர் கையில் எஸ்தர்ஹாசியின் எழுத்து கிடைக்கிறது. பழைய பட்டியலைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். அச்சு அசல். உடனே மேலதிகாரி ஜெனரல் கோன்ஸிடம் போகிறார். கோன்ஸ் கேட்ட கேள்வியைப் பிக்கார் பிற்பாடு சாட்சியத்தில் சொல்லியிருக்கிறார்: அந்த யூதன் தீவில் கிடந்தால் உனக்கென்ன? அவன் நிரபராதி ஆயிற்றே என்கிறார் பிக்கார். நீ வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியாது என்கிறார் ஜெனரல். அதற்குப் பிக்கார் சொன்னது: நீங்கள் சொல்வது அருவருப்பானது, இந்த ரகசியத்தை நான் கல்லறைக்குக் கொண்டுபோக மாட்டேன்.

கோன்ஸின் கேள்வியை அவையோர் ஒருமுறை மனதுக்குள் சொல்லிப் பாருங்கள். அந்த யூதன் கிடந்தால் உனக்கென்ன. இதில் எந்தக் காகிதம் வருகிறது? எந்தச் சான்று வருகிறது? பொய்ச் சான்றால் ஏமாந்தவன் உண்மை தெரிந்ததும் என்ன செய்வான்? நமக்குத் தெரிந்த கதையே இருக்கிறது. பாண்டியன் விசாரிக்காமல் கோவலனைக் கொன்றான். பொற்கொல்லன் பொய்யை நம்பினான், அது தவறு. ஆனால் கண்ணகி சிலம்பை உடைத்துக் காட்டியதும் அவன் அடுத்த நொடி அரியணையில் இல்லை, உயிரை விட்டுவிட்டான். அவன் ஏமாந்தவன். பாரிஸ் ஜெனரல்கள் முன்னாலும் சிலம்பு உடைந்தது. அவர்கள் உடைத்தவரைத் துனீசியாவுக்கு மாற்றல் பண்ணி அனுப்பினார்கள், பிறகு சிறையில் போட்டார்கள்.

பிக்காரின் உண்மையை அடக்கத்தான் ஆன்ரி உட்கார்ந்து கடிதம் செய்தார். இத்தாலிய அதிகாரி ஜெர்மன் அதிகாரிக்கு எழுதியதாக ஒரு கடிதம். உண்மையான கடிதத்தின் தலையையும் வாலையும் வைத்துக்கொண்டு நடுவில் தன் சரக்கை ஒட்டினார். அதில் என்ன எழுதினார்? கேட்டால், அந்த யூதனோடு எனக்குத் தொடர்பே இல்லை என்று சொல்லிவிடுவேன். அந்த யூதனோடு! வெறுப்புக்குப் பேனா பிடிக்கத் தெரியுமா என்று கேட்டீர்களே அண்ணா, பிடித்தது. கத்தரியும் பசையும்கூடப் பிடித்தது. அந்தக் கடிதத்தை 1898 ஜூலையில் போர் அமைச்சர் நாடாளுமன்றத்தில் படித்தார், ஊர் ஊராக ஒட்ட வைத்தார்கள். ஒரு மாதம் கழித்து, கேப்டன் குய்ஞே விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும்போது, ஒரே காகிதத்தில் கட்டம் போட்ட கோடுகள் இரண்டு நிறத்தில் இருந்தன. ஆன்ரி ஒப்புக்கொண்டார். மறுநாள் ஆகஸ்ட் 31, சிறையில் சவரக்கத்தியால் கழுத்தை அறுத்துக்கொண்டார்.

பொய்ச் சான்று உடைந்துவிட்டதல்லவா? அண்ணன் அணிப்படி அத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும். என்ன நடந்தது? லா லிப்ர் பரோல் ஆன்ரியின் மனைவிக்காக நிதி வசூல் தொடங்கியது. ஏறக்குறைய 25,000 பேர் பணம் அனுப்பினார்கள், 1,31,000 பிராங்க் சேர்ந்தது. பாதிரியார்கள், ராணுவத்தினர், வேலைக்காரப் பெண்கள், மாணவர்கள், எல்லோரும். பணத்தோடு யூதர்களை என்ன செய்ய வேண்டும் என்று குறிப்பும் எழுதி அனுப்பினார்கள், பத்திரிகை அதையும் வரி வரியாக அச்சடித்தது. அந்த ஆள் போலிக் கடிதம் செய்தவர் என்று எல்லோருக்கும் தெரிந்த பிறகு நடந்தது இது. 1899ல் ரென் நகரத்தில் மறுவிசாரணை. போலி வெளியே வந்தாயிற்று, எஸ்தர்ஹாசி இங்கிலாந்துக்கு ஓடியாயிற்று. தீர்ப்பு? ஐந்துக்கு இரண்டு, மறுபடியும் குற்றவாளி! தண்டனையைக் குறைக்கச் சூழ்நிலை இருக்கிறதாம், ஆகவே பத்து வருஷம். தேசத்துரோகத்துக்கு என்ன சூழ்நிலை ஐயா தணிவு? பொய்யை எடுத்துவிட்டுப் பார்த்தாலும் தண்டனை அப்படியே நிற்கிறது என்றால், அது எதன்மேல் நின்றுகொண்டிருந்தது?

தங்கச்சி கண்ணீரை வைத்துக் கேஸ் நடத்துகிறது என்றார் அண்ணன். இவ்வளவு நேரம் நான் கண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது பேசுகிறேன்.

1895 ஜனவரி 5, காலை. பாரிஸ் ராணுவப் பள்ளியின் முற்றம். படை அணிவகுத்து நிற்கிறது. ஒருவர் வந்து டிரைஃபஸின் சட்டையிலிருந்து பட்டைகளையும் பொத்தான்களையும் ஒவ்வொன்றாகப் பிய்த்துப் போடுகிறார். வாளை முழங்காலில் வைத்து உடைக்கிறார். வெளியே கம்பி வேலிக்கு அப்பால் கூட்டம், யூதனைக் கொல்லு என்று கத்துகிறது. கிழிந்த உடையோடு அந்த முற்றத்தைச் சுற்றி நடக்க வைத்தார்கள். அவர் கத்தினார்: நான் நிரபராதி! பிரான்ஸ் வாழ்க! ராணுவம் வாழ்க! அவரை அப்படிச் செய்துகொண்டிருந்த ராணுவத்தையே வாழ்க என்றார். வியன்னா பத்திரிகை ஒன்றுக்குச் செய்தி அனுப்ப வந்திருந்த தியோடர் ஹெர்ஸலும், யூதர்களுக்குத் தனி நாடு வேண்டும் என்று பிற்பாடு இயக்கம் நடத்தியவர், அன்று அங்கே இருந்தார்.

அப்புறம் பிரெஞ்சு கயானா கரைக்கு அப்பால் சாத்தான் தீவு. பாறையும் வெயிலும். காவலர்கள் அவரோடு பேசக்கூடாது என்று உத்தரவு. நாலு வருஷம் பேச ஆள் இல்லாமல், குரலே மங்கிப்போனது அவருக்கு. 1896ல் அவர் தப்பிவிட்டதாக ஒரு வதந்தி கிளம்பியது. அதற்குத் தண்டனையாக இரவு இரவாகக் கட்டிலோடு சேர்த்துக் காலில் விலங்கு போட்டார்கள், புரள முடியாது, பூச்சி கடித்தால் ஒதுங்க முடியாது. கடல் கண்ணில் படாமல் குடிசையைச் சுற்றி உயரமாக மரவேலி எழுப்பினார்கள். லூசி கேட்டார், நானும் அங்கே போய் என் கணவரோடு இருக்கிறேன் என்று. சட்டத்தில் அதற்கு இடம் இருந்தது. மறுத்துவிட்டார்கள். கடிதமாவது போகட்டும் என்று எழுதிக்கொண்டே இருந்தார். ஒரு கட்டத்தில் அந்தக் கடிதங்களையும் அதிகாரிகள் நகல் எடுத்து, நகலைத்தான் அவரிடம் கொடுத்தார்கள். கையெழுத்து ஒத்துப்போகிறது என்று சொல்லி ஒருவரைத் தீவுக்கு அனுப்பினார்கள், அங்கே அவருக்கு மனைவியின் கையெழுத்தைக்கூடக் காட்டவில்லை. எங்கோ ஓர் எழுத்தர் எழுதிய வரிகளில் அவர் லூசியைத் தேடிக்கொண்டிருந்தார். பாரிஸிலோ, அப்பா வெளியூர் போயிருக்கிறார் என்று சொல்லி அந்த அம்மா இரண்டு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருந்தார்.

ரென் தீர்ப்புக்குப் பிறகு ஜனாதிபதி லூபே மன்னிப்பு கொடுத்தார். உடல் அப்படி நொறுங்கிப் போயிருந்ததால் வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொண்டும், மானம் இல்லாத விடுதலை எனக்கு ஒன்றுமே இல்லை என்று அறிக்கை விட்டார். 1906 ஜூலை 12ஆம் தேதிதான் உச்ச நீதிமன்றம் அவர்மேல் எந்தக் குற்றமும் இல்லை என்று முடித்தது. மேஜர் பதவி கொடுத்தார்கள், பதக்கம் குத்தினார்கள். தீவில் கிடந்த காலத்தைப் பணிமூப்பில் சேர்க்கவில்லை. அடுத்த வருஷமே ஓய்வு வாங்கிக்கொண்டார். 1908ல் ஜோலாவின் உடல் எச்சத்தை, பிரான்ஸின் பெரியவர்களை அடக்கம் செய்கிற பாந்தியோனுக்குக் கொண்டுபோன விழாவில் ஒரு பத்திரிகையாளர் அவரைக் கையில் சுட்டார், சுட்டவரை நீதிமன்றம் விடுதலை செய்தது! இவ்வளவுக்கும் பிறகு, 1914ல் போர் வந்தபோது, ஐம்பத்து நாலு வயதில், அந்த மனிதர் மறுபடியும் சீருடை போட்டுக்கொண்டு பிரான்ஸுக்காகப் போனார். மகனும் போனான்.

2025ல் பிரெஞ்சு நாடாளுமன்றம் அவருக்கு பிரிகேடியர் ஜெனரல் பதவி கொடுத்துச் சட்டம் போட்டது. நல்லது. ஆனால் அந்தக் குடும்பத்தின் கணக்கு 1906லும் முடியவில்லை, 1935ல் அவர் இறந்தபோதும் முடியவில்லை. அவர் பேத்தி மதலேன் லெவி. மகள் ழானின் பெண், தாத்தாவின் செல்லம். ஜெர்மன் ஆக்கிரமிப்பின்போது எதிர்ப்பு இயக்கத்தில் வேலை செய்தாள். 1943ல் பிடித்தார்கள். ஆஷ்விட்ஸ் என்ற நாஜி கொலை முகாமுக்கு அனுப்பினார்கள். 1944 ஜனவரியில் இறந்தாள், இருபத்தைந்து வயது. அவள்மேல் எந்தக் காகிதமும் தேவைப்படவில்லை அண்ணா. கையெழுத்து நிபுணர் வரவில்லை, ரகசியக் கோப்பு வரவில்லை, ஏழு நீதிபதிகள் உட்காரவில்லை. தாத்தாவுக்காவது ஒரு காகிதத்தைத் தேட வேண்டியிருந்தது அவர்களுக்கு.

மணி அடித்துவிட்டீர்கள் ஐயா. மோன்பர்னாஸ் கல்லறையில் அவர் கல்லின்மேல் அவள் பெயரும் இருக்கிறது. மதலேன் பெயரை இந்த அரங்கத்தில் சொல்லிவிட வேண்டும் என்று வந்தேன், சொல்லிவிட்டேன். தீர்ப்பு உங்களுடையது. வணக்கம்.